மூழ்கிய தோணியும் பூவரச இலையும்

என் அப்பா கடைசியாகக் குனிந்தது எங்கள் குலசாமி கோயில் வாசலில். அதற்கு முன்பும் ஒவ்வொரு மாசிக் களரித் திருவிழாவுக்கும் அதே இடத்தில் குனிந்திருக்கிறார். களரி முடிந்த காலையில் பங்காளிகள் வரிசையில் நின்று கையை நீட்டித் திருநீறு வாங்குவார்கள். எங்கள் வீட்டு ஆண்களுக்கு மட்டும் கையில் கொடுப்பதில்லை. ஒரு பூவரச இலையைத் தரையில் போட்டு, அதன் மேல் திருநீற்றை வைத்துவிட்டு, கொடுப்பவர் ஓரடி தள்ளி நிற்பார். அப்பா குனிந்து எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்.

அந்த வருஷம் அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார், ஊன்றிய கை வழுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். திருநீற்றுத் தட்டோடு நின்றவர் எனக்கு அண்ணன் முறை, பெரிய வீட்டுப் பங்காளி. அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"ஏலே, பிடிங்கடா. கப்பல் சாயுது" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கீழே கிடந்தபடி அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் தம்பி ஓடிப்போய்த் தூக்கினான். நானோ கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பெண், அதுவும் பெண்கள் நிற்கிற பக்கத்தில் நின்றிருந்தேன். நாலு பேர் முன்னால் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஆடி பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார்.

கப்பல் என்று அந்த அண்ணன் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பூட்டன் இரண்டு பேர், அண்ணன் தம்பி. பெரியவர் காட்டில் விவசாயம் பார்த்தார். சின்னவர் வியாபாரத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் புகையிலையைச் சிப்பம் கட்டி, மாட்டு வண்டியில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய், பாய்மரத் தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். ஒரு ஐப்பசியில் சின்ன பூட்டன் குடும்பத்துப் புகையிலை முழுவதையும் ஏற்றிக்கொண்டு தானும் அதே தோணியில் போனார். திரும்பி வந்தபோது உடம்பில் இருந்த வேட்டி மட்டும்தான் மிச்சம். தோணி பாறையில் மோதி முங்கிவிட்டது என்றார். பெரியவர் நம்பவில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தை ஏற்றினார்கள். சின்னவர் தோணியின் பெயரைச் சொல்லி, அது முங்கியது சத்தியம் என்று உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மூன்று வருஷம் கழித்து, கொழும்பில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்தார். அந்தத் தோணி கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிறது, என் கண்ணால் பார்த்தேன், பெயரைக்கூடப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்று பெரியவரிடம் சொன்னார். அன்றைக்கே சின்ன வீடு பொய்ச்சத்தியம் செய்த வீடு ஆகிவிட்டது. பொய்யாகச் சூடம் அணைத்த கையில் சாமியின் திருநீறு விழக் கூடாது என்று பூவரச இலை வந்தது. சின்னவருக்குச் சேர வேண்டிய காடும் பெரிய வீட்டுக்குப் போனது. எங்களுக்குப் பட்டப்பெயர் கப்பல் வீடு. பள்ளிக்கூடத்தில் என்னை 'கப்பக்காரி' என்பார்கள்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தம்பியிடம் சொன்னேன்.

"அந்தத் தோணி முங்குச்சா இல்லையான்னு நான் கண்டுபிடிக்கப் போறேன்."

அவன் வண்டி ஓட்டுகிறான். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போவான். ஆடுகளில் பாதி பெரிய வீட்டுடையது.

"எதுக்குக்கா? அவுக ஆட்டத்தான் நான் ஏத்துறேன். குனியறதுக்கு எனக்கு முதுகு நல்லாத்தான இருக்கு."

"அப்பாவுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அவன் எழுந்து போய்விட்டான்.

எனக்குப் படிப்பு பன்னிரண்டாவது. சின்னாளப்பட்டிக் கடைகளில் வாங்குகிற சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பது வேலை. திண்டுக்கல்லில் வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் பாதிதான் புரியும். மீதியைப் போன் மொழிபெயர்த்துச் சொல்லும். இத்தனை வைத்துக்கொண்டு ஒரு தோணியைத் தேடப் போகிறேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். அதனால் தம்பியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் முகத்தை நினைத்துக்கொள்வேன், அது போதும். மெஷின் மிதிக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் அந்த முகம் வரும்.

முதலில் வருஷம் தெரிய வேண்டும். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் காட்டை எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல் இருந்தது. தலையில் வெள்ளைக்கார ராஜா படம். அதற்கு மூன்று வருஷம் முந்தின ஐப்பசி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தோணியின் பெயர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், சூடத்தின் முன் சொன்ன பெயர் ஆயிற்றே. அது மாதாவின் பெயர்களில் ஒன்று. தூத்துக்குடித் தோணிக்காரர்கள் பெரும்பாலும் வேதக்காரர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

பழைய கொழும்புப் பத்திரிகைகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று போனில்தான் தெரிந்தது. அவற்றில் ஒரு மூலையில் எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று தினமும் பட்டியல் உண்டு. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். போன் அதைத் தமிழில் சொல்லும்போது கப்பலை ஓட்டுகிற தண்டலை, இங்கிலீஷில் மாஸ்டர் என்று போட்டிருப்பதால், 'வாத்தியார்' ஆக்கிவிடும். எல்லாக் கப்பலிலும் ஒரு வாத்தியார். சிரிப்பு வரும், கண்ணும் எரியும். அந்த ஐப்பசியில் எங்கள் தோணி கொழும்புக்கு வந்ததாக எந்தப் பட்டியலிலும் இல்லை. இல்லை என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வரவில்லை என்றால் முங்கியது என்று ஆகுமா? வழியில் எங்கோ சரக்கை விற்றுவிட்டான் என்பார் அண்ணன்.

சென்னையில் பழைய அரசாங்கக் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கட்டடம் ஒன்று இருக்கிறது. துறைமுக அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் அங்கே இருக்கும் என்று படித்தேன். உறவில் ஒரு கல்யாணம் என்று வீட்டில் பொய் சொல்லாமல், உள்ளதைச் சொல்லிக் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா அதையே நினைச்சு உருகிக்கிட்டிருக்கக் கூடாது" என்றார்.

அங்கே முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் காலேஜ்?"

"காலேஜ் இல்லீங்க. பன்னெண்டாவது."

"அப்ப என்ன ஆராய்ச்சிக்கு வந்திருக்கீங்க?"

"எங்க பூட்டன் போன தோணி முங்குச்சான்னு பாக்கணும்."

"முங்கியிருந்தா?"

"முங்கியிருந்தா நல்லதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கப்பல் முங்குனா நல்லதுன்னு சொல்ற ஆளை இப்பத்தாம்மா பாக்குறேன். உக்காருங்க."

அன்று கிடைக்கவில்லை. நான் கேட்டது வேறு ஜில்லாவின் கட்டு. அடுத்த தடவை போனபோது சரியான கட்டு வந்தது. காகிதம் அப்பளம் மாதிரி ஓரம் உதிர்ந்தது. தோணியின் பெயரை இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேலைக்கு நூல் நிறம் பார்க்கிற மாதிரி வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். சாயங்காலம் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெயர் வந்தது.

அறிக்கை ஒரு பக்கம்தான். முன்னால் இருந்த அம்மாவே எழுந்து வந்து வாசித்து அர்த்தம் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புகையிலை ஏற்றிப்போன தோணி, புயல் காற்றில் திசை மாறி, மன்னார்ப் பக்கம் பாறைத் திட்டில் மோதி உடைந்தது. சரக்கு முழுவதும் போயிற்று. தண்டலும் சில ஆட்களும் சரக்குக்காரர்கள் சிலரும் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்க, மீன்பிடிக்க வந்தவர்கள் கரை சேர்த்தார்கள். சரக்குக்காரர்களின் பெயர் எழுதவில்லை. மாசம், வருஷம், தோணியின் பெயர், உடையவர் பெயர், எல்லாம் இருந்தது.

நான் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. சந்தோஷம் வயிற்றில் சூடாக ஏறியது. பூட்டனை நினைக்கவில்லை, அப்பாவைக்கூட நினைக்கவில்லை. அண்ணனை நினைத்தேன். மாட்டிக்கிட்டியா என்று மனதுக்குள் சொன்னேன். முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு, ரயிலில் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தேடிப் பழகிய கை நிற்கவில்லை. மத்தியான வேளைகளில் கொழும்புப் பத்திரிகையைத் தொடர்ந்து புரட்டினேன். இரண்டு வருஷம் தள்ளி ஒரு பட்டியலில் அந்தப் பெயர் நின்றது. தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தது என்று இருந்தது. அதே மாதா. அடுத்த மாசமும் வந்திருந்தது.

முங்கிய தோணி எப்படி வரும்? மெஷினை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொழும்பிலிருந்து வந்த மூட்டைக்காரர் சொன்னது உண்மை. அப்படியானால் அறிக்கை பொய்யா? பூட்டனும் தண்டலும் சேர்ந்து அதிகாரியை ஏமாற்றினார்களா? எங்கள் பூட்டன் மேல் எனக்கு வந்த கோபம் அண்ணன் மேல் இருந்ததைவிடப் பெரிது. உன்னால்தானே என் அப்பா தரையில் விழுந்து சிரித்தார் என்று, பார்த்தே இராத ஒரு மனிதனை மனதுக்குள் வைதேன்.

மறுபடியும் சென்னை. இந்தத் தடவை தோணிகளைப் பதிவு செய்த புத்தகத்தைக் கேட்டேன். அந்த அம்மா, "இப்ப முங்கணுமா, முங்கக் கூடாதா?" என்றார். பதிவில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் உடையவர் ஒருவரே. முதல் பதிவின் மேல் ஒரு கோடு போட்டு, உடைந்தது என்று எழுதியிருந்தது. இரண்டாவது புதிதாகக் கட்டியது, முதலாவதைவிடப் பெரியது. அதற்கும் நகல் வாங்கினேன்.

அந்தத் தோணிக்கார வீட்டின் வாரிசுகள் தூத்துக்குடியில் இன்னும் இருக்கிறார்கள். நம்பர் தேடி எடுத்து, பேச வெட்கப்பட்டு, ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பேசினேன். எடுத்தது என் வயதுப் பெண்.

"முங்கிப்போன தோணி பேரையே அடுத்த தோணிக்கும் வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? கடல் தோணியத்தானக்கா எடுத்துச்சு, மாதாவையா எடுத்துச்சு?" என்றார். "எங்க வீட்ல அந்தப் பேர்ல மட்டும் ஏழெட்டுத் தோணி இருந்திருக்கும். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறதில்லையா?"

என் தம்பிக்கு வைத்திருப்பதே அந்தப் பூட்டனின் பெயர்தான். பெரிய வீட்டு அண்ணனுக்குப் பெரிய பூட்டன் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை ஒரே பெயரை வைக்கிற நாங்கள், ஒரு பெயர் என்றால் ஒரே தோணிதான் என்று நினைத்துவிட்டோம். கடலைப் பார்க்காத சனம். மூட்டைக்காரர் பார்த்தது பேத்தித் தோணியை. அவர் பொய் சொல்லவில்லை. பெரிய பூட்டனும் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லவில்லை.

இது தெரிந்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பூட்டன் விஷயத்தில் வந்தது. அண்ணன் விஷயத்தில், கையில் வைத்திருந்த கல்லை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு தாளையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாள் எங்களைக் காப்பாற்றும். இரண்டாவது தாள் அவர்களைக் காப்பாற்றும். இரண்டாவதை மடித்து, ஃபால்ஸ் துணி வைக்கிற தகர டப்பாவின் அடியில் போட்டேன்.

மாசி வந்தது. நாலு பேர் முன்னால் என்னால் பேச முடியாது. அதனால் ஃப்ளெக்ஸ் போட்டேன்.

கடைப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "காதுகுத்தாக்கா, கண்ணீர் அஞ்சலியா?" என்றான்.

"கப்பல்."

"கப்பல் வாங்கியிருக்கீங்களா?"

விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். அவன் முதலில் போட்டது நீச்சல் குளம் எல்லாம் வைத்த வெள்ளைக் கப்பல். பாய்மரம் வேண்டும் என்றேன். அடுத்து வந்ததில் பாயின் மேல் மண்டை ஓடு இருந்தது. "கொள்ளைக்காரங்கன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்ப்பா" என்றேன். மண்டை ஓட்டை எடுத்தான். ஒரு பக்கம் அப்பா படம். மறுபக்கம் அறிக்கையின் நகல் பெரிதாக, கீழே தமிழில் அதன் அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே: 'தோணி மூழ்கியது. சத்தியம் மெய். இலை போட்டவர்கள் பதில் சொல்லட்டும்.'

தம்பி கட்ட வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் விடிவதற்குள் கோயில் எதிரே இரண்டு வேம்புக்கு நடுவில் கட்டினார். "அடி விழுந்தா நீயும் பாதி வாங்கிக்கணும்" என்றார்.

களரி முடிந்து, பொங்கல் இறக்கி, திருநீற்றுக்கு வரிசை சேர்ந்தபோது எல்லாரும் திரும்பி நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தட்டோடு வெளியே வந்தார்.

"எவன்டா கட்டுனது?"

"நான்தாண்ணே" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்ததால் அவருக்கு யார் என்று தெரியவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்கிலீசுல இருக்கறத என்னத்தக் கண்டோம். எதையோ கொண்டாந்து மாட்டிட்டு..."

பங்காளிகளில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் உண்டு. அவரைப் படிக்கச் சொன்னார்கள். முத்திரை போட்ட நகலை நான் அவர் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்துவிட்டு, "தமிழ்ல போட்டிருக்கறது சரிதான். கெவர்மெண்டு முத்திரை" என்றார்.

வயதில் மூத்தவர் எங்களுக்குச் சின்னையா முறை. அவர் பொங்கல் பானைப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். "அப்ப இம்புட்டு நாளும் மெய்ச்சத்தியம் பண்ணுன கைக்குத் தரையில போட்டிருக்கோம்" என்றார். "அந்தப் பயலுக்குக் கையில குடுப்பா."

என் தம்பி வரிசையின் கடைசியில் நின்றான். பழக்கத்தில் குனியப் போனான். அண்ணன் திருநீற்றை அள்ளி அவன் கையில் வைத்தார். தம்பி அதைப் பூசாமல் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சின்னையா விடவில்லை. "இலை யாருக்குன்னு சாமி முன்னால சொன்ன வழக்கு என்ன? பொய் சொன்னவனுக்கு. முங்குன தோணிய நிக்குதுன்னு சொன்னது எந்த வீடு?"

அண்ணனுக்கு வயிறு பெரிது, முழங்காலும் சரியில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு எதிர்பாராதது.

"தாயி, நீ எல்லாத்தையும் தேடிப் பாத்திருக்க. எங்க பூட்டன் பொய் சொன்னாரா? கொழும்புல பாத்தேன்னு வந்து சொன்னவன் எதத்தான் பாத்தான்?"

பதில் என் வீட்டில் தகர டப்பாவில் இருந்தது. நாக்கு நுனியிலும் இருந்தது. பேசத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தது அன்றைக்கு உதவியது.

"எனக்கெப்படிண்ணே தெரியும்? நீங்களும் தேடிப் பாருங்க" என்றேன்.

சின்னையாவின் பேரன் பூவரச மரத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தான். தரையில் வைத்தார்கள். அண்ணன் தட்டைச் சின்னையாவிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக் குனிந்தார். பாதியில் நின்று, பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்தார். கப்பல் சாயுது என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தம்பியின் வண்டியில் பெரிய வீட்டு ஆடு ஏறுவதில்லை. அதற்காகத் தம்பி என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. ஆனால் போன களரிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையில் முன்னால் போய் நின்றான். அண்ணன் கடைசியில் நின்றார். முந்தின தடவையைவிட மெதுவாகக் குனிந்தார்.

நடுவில் ஒரு தடவை போன் செய்தார். மூட்டைக்காரர் வீட்டு ஆட்களைத் தேடிப் போனாராம், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். "எங்க அப்பத்தா சொல்லும் தாயி, எங்க பூட்டன் பொய்யே பேசமாட்டாராம்" என்றார். எங்கள் பூட்டனும் பேசமாட்டார் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள் என்றேன். வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியும். "குடுத்துரு. போதும்" என்கிறார். அவர் நல்ல மனிதர். அவருடைய அப்பா யார் முன்னாலும் விழுந்து கிடந்து சிரித்ததில்லை.

இதை எழுதிவிட்டதால் என்றாவது அண்ணன் காதுக்குப் போகும். அந்தத் தாளைக் கேட்டு என் வாசலுக்கு வர வேண்டியிருக்கும். வரட்டும். இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருக்கோடியிலும் ஒரு பூவரசு நிற்கிறது. ஒரு இலையைக் கிள்ளிவந்து வாசலில் போட்டு, அதன் மேல் அந்தத் தாளை வைத்துவிட்டு, ஓரடி தள்ளி நிற்பேன்.